வாசகர் கேள்வி பதில்: மறதியும் சீனி வருத்தமும் ஒரே ஆளுக்கு வந்தால்

கேள்வி: என் கணவருக்கு 74 வயது. நெடுங்காலமாகச் சீனி வருத்தம், காலையும் இரவும் மிக்ஸ்டாட் இன்சுலின் போடுகிறோம். மூன்று வருடமாக மறதி நோயும் இருக்கிறது. சில நாள் விடியப்புறம் எழும்பி, என்னையே யாரென்று கேட்கிறார். பனியன் நனைய வியர்க்கிறது, கிட்டப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடுவார். மறதி முற்றிவிட்டதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, அம்மா. மறதி நோய் தேத்தண்ணிக்குத் தெளியாது. வியர்வையோடு வந்து சீனியோடு போவது, பெரும்பாலும் இரத்தத்தில் சீனி இறங்கிப்போவதுதான். மிக்ஸ்டாட் ஒரு கலவை இன்சுலின். அதில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, ஊசி போட்டு நாலைந்து மணித்தியாலத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும். இரவு ஏழு மணிக்குப் போட்டால் அந்த வேகம் நடுச்சாமத்தில் தொடங்கி விடியும்வரை நிற்கும். இரவில் இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டாரென்றால் விடியப்புறம் சீனி இறங்காமல் என்ன செய்யும்? மற்றவர்கள் “தலை சுற்றுது, பசிக்குது” என்பார்கள். அவருக்கு அதைச் சொல்லத் தெரியாது. கோபமாகத்தான் வெளியே வரும்.

அடுத்த முறை இப்படி வந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழம் தொட்ட விரலென்றால் மெஷின் பொய்யாகக் கூட்டிக் காட்டும். மெஷினில் 70க்குக் கீழே (mg/dL) என்றால் குறைவு, 54க்குக் கீழே என்றால் ஆபத்து. மெஷின் கைக்கெட்டாவிட்டால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், சீனியைக் கொடுங்கள். மட்டமாக 4 தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 15 கிராம். அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து, நிமிர்ந்து இருக்க வைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் விட்டுத் திரும்பக் குத்துங்கள். இன்னும் 70க்கு ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் ஒரு துண்டுப் பாணோ மூன்று நாலு பிஸ்கட்டோ கொடுக்காவிட்டால் திரும்ப இறங்கும். சொக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். விழுங்க முடியாமல் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சீனி வருத்தத்துக்குக் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவருக்குச் சீனி இறங்கினால், தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணித்தியாலத்தில் திரும்ப இறங்கக்கூடும்.

பிறகு ஒரு கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் வரும் அளவைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு நாள் விடியப்புறம் 3 மணிக்கும் குத்திப் பாருங்கள். கிளினிக்கில் பெரும்பாலும் சாப்பிடாமல் எடுத்த ஒரு இலக்கம்தான் டொக்டரின் கண்ணில் படும், அந்த 3 மணி இலக்கம் படாது. அதைக் காட்டி, இரவு ஊசியைக் குறைக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். நீங்களாகவே ஊசியை நிற்பாட்ட வேண்டாம். மறதி நோயுள்ள முதியவருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5க்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 8க்கு அண்மையில் நிற்பதையே பல வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கொஞ்சம் கூடியிருக்கும் சீனி இன்றிரவு உயிரை எடுக்காது. இறங்கும் சீனி எடுத்துவிடக்கூடும். ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்குப் பயந்து அவரைப் பட்டினி போடாதீர்கள்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், பழைய அளவே அதிகமாகிப்போகும்.

கேள்வி: மனைவிக்கு ஊசி போட்ட பிறகு சாப்பிட மாட்டேன் என்கிறா. வேறு சில நாள் சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் “எனக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லை” என்று அழுகிறா.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மிக்ஸ்டாட் போன்ற கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் போடச் சொல்லியிருப்பார்கள். சாப்பிடுவாவா இல்லையா என்று தெரியாத ஆளுக்கு அந்த 30 நிமிடம் பெரிய பொறி. சாப்பிட்டு முடிந்த கையோடு போடக்கூடிய விரைவு இன்சுலின் இருக்கிறது. பாதிதான் சாப்பிட்டா என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் டொக்டரிடம் எழுத்தில் வாங்கி வைக்கலாம். அதுவரைக்கும், கோப்பை முன்னால் வந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு ஊசியைப் போடலாமா என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். போட்டாயிற்று, சாப்பிட மறுக்கிறா என்றால் சோற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாழைப்பழமோ இனிப்புக் கஞ்சியோ ஐஸ்கிரீமோ, வாய் திறப்பது எதற்கோ அதைக் கொடுங்கள்.

ஊசியைப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் சீனி கூடும், அவ்வளவுதான். இரண்டு முறை விழுந்தால் ஆளே போய்விடக்கூடும். போட்டவுடன் கலண்டரில் கோடு போடுங்கள். மருந்தும் ஊசியும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆட்களும் உண்டு. பாவிக்கத் தொடங்கிய புட்டியில் திகதி எழுதி 28 நாளில் மாற்றுங்கள். கொழும்பு வெக்கைக்கு அதை பிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், ஐஸ்பெட்டிக்கு அருகே வேண்டாம். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

சாப்பிடவில்லை என்று அழும்போது “இப்பத்தானே சாப்பிட்டனீங்கள்” என்று வாதாட வேண்டாம். அவவின் மனதில் அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டின் ஒரு பங்கை முதலே எடுத்து வைத்து, கேட்கும்போது அதைக் கொடுங்கள். மொத்த அளவு கூடாது, அழுகையும் நிற்கும்.

கேள்வி: இரண்டு நாளுக்குள் அப்பா அடியோடு மாறிவிட்டார். பகல் முழுக்கத் தூக்கம், இரவில் சுவரோடு பேசுகிறார். மறதி இவ்வளவு வேகமாகக் கூடுமா என்று அம்மா பயப்படுகிறா.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: கூடாது. மறதி பெரும்பாலும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில்தான் கூடும். இரண்டு நாளில் வருவதற்கு வேறு காரணம் இருக்கும்: சிறுநீர்க் கிருமி, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, இறங்கிய சீனி. முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம். இன்றே காட்டுங்கள். சளிக்கென்று யாராவது பிரிட்டோன் (Piriton) குளிசை கொடுத்தார்களா என்றும் பாருங்கள். அந்த வகை மருந்து மறதிக்காரரைக் குழப்பும். சீனிக்கு மெட்போர்மின் குளிசை நெடுநாளாக எடுப்பவர் என்றால் விட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து பி12ஐக் குறைக்கும், அந்தக் குறைவே மறதியைக் கூட்டும். அதைத் திருத்த முடியும்.

கேள்வி: இவர் கதவைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் போகிறார். அங்கே ரயில் பாதை இருக்கிறது.
– வாசகி, தெஹிவளை

பதில்: வழமையான தாழ்ப்பாள் போதாது. அவர் கை பழகாத இடத்தில், கதவின் அடிப்பக்கம் இன்னொன்று போட்டு மணியும் கட்டுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் பூட்டுங்கள், நெருப்பென்றால் வெளியே வர வழி வேண்டும். சட்டைப் பையில் அட்டை வைத்தால் எடுத்தெறிவார், சட்டையின் உட்பக்கம் துணித்துண்டில் எழுதித் தையுங்கள்: பெயர், உங்கள் தொலைபேசி இலக்கம், ‘சீனி வருத்தம், இன்சுலின் எடுப்பவர்’. கட்டாயம் சிங்களத்திலும் எழுத வேண்டும். மறதி கூடக்கூட, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. நாற்பது வருடம் சிங்களத்தில் வேலை பார்த்தவரும் பொலிஸாருக்குத் தமிழில்தான் பதில் சொல்லக்கூடும். காணவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் மட்டும் தேடிக்கொண்டிராமல் 119 பொலிஸுக்கு உடனே சொல்லுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுப் போனவர் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.