சர்வரில் சரிபார்க்கிறேனே, பிரவுசரிலும் எதற்கு?

பிஎச்பி, மைஎஸ்கியூஎல் வைத்து உறுப்பினர் படிவம் செய்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் சர்வரிலேயே சரிபார்த்துவிடுகிறீர்கள், பிரவுசரிலும் அந்தச் சரிபார்ப்பை எழுத வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கண்டிப்பாக எழுதுங்கள்.

"பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து ரிக்வயர்டை (கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற குறிப்பை) நீக்கிவிட்டால் என்ன செய்வாய்" என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள். தெரியும். சர்வர் பக்கம் இருப்பதைத் தொடச் சொல்லவில்லை, டேட்டாபேஸுக்குக் காவல் அதுதான். பிரவுசரில் எழுதுவது படிவத்தை நிரப்புகிற ஆளுக்காக.

ஒரு கடன் சங்கத்துக்கு இதே மாதிரி படிவம் செய்யும் குழுவில் இருந்தேன். என்ட்ரி போடும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐஎஃப்எஸ்சி கோட் 11 இடம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். உறுப்பினர் எழுதிக் கொடுத்த தாளில் அது ஆங்கில ஓ மாதிரி இருக்கும், அக்காவும் ஓ என்றே அடிப்பார். அனுப்பியதும் சர்வர் முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பும். மற்ற கட்டங்களை நாம் திரும்ப நிரப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் தேர்ந்தெடுத்த போட்டோவை எந்த சர்வராலும் அந்தக் கட்டத்தில் திரும்ப வைக்க முடியாது, பிரவுசர் அனுமதிக்காது. "தம்பி, ஒரு எழுத்துக்காக போட்டோ, கையெழுத்து எல்லாம் மறுபடி ஏத்தணுமா?" என்றார். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அன்றைக்கே ஐஎஃப்எஸ்சி, பின்கோடு (ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக வராது) இரண்டுக்கும் பேட்டர்ன் (எந்த வடிவில் அடிக்கலாம் என்ற விதி) போட்டு, கட்டத்தை விட்டு நகர்ந்ததும் அதன் கீழேயே "ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வேண்டும்" என்று வரும்படி செய்தேன். அடிக்க அடிக்கச் சிவப்பு காட்டாதீர்கள், பாதி அடித்தவரைத் திட்டுவது போல இருக்கும்.

பெரிய சண்டை பெயர் கட்டத்தில்தான் வந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம், எழுத்து மட்டும்தான் வரலாம் என்று எங்கிருந்தோ ஒரு மாதிரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். குடும்பப் பெயரே இல்லாத ஊரில் அந்தக் கட்டத்தில் என்ன வரும்? அப்பா பெயர் வரும், கணவர் பெயர் வரும். தமிழில் அடித்தால் இன்னும் மோசம். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் முறை) கணக்கில் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்து வகையில் சேராது, குறி வகையில் வரும். அதனால் 'எழுத்து மட்டும்' என்ற பேட்டர்னில் 'ரமா' என்ற பெயர்கூட நுழையாது. குறி வகையையும் சேர்க்க வேண்டும். மேக்ஸ்லெங்த்தும் (அதிகபட்ச நீளம்) அப்படித்தான்: 'கிருஷ்ணமூர்த்தி' கண்ணுக்கு எட்டு எழுத்து, குறிகளையும் தனியாக எண்ணும் அதன் கணக்கில் 15. பெயரை ஒரே கட்டமாக்கி, காலியாக இருக்கக் கூடாது என்பதோடு விடச் சொன்னேன். "ஸ்டாண்டர்டு இப்படித்தான்" என்றார்கள். விடாமல் பேசி மாற்ற வைத்தேன். சரியான பெயரைத் தவறு என்று சொல்லும் சரிபார்ப்பு இல்லாமலே இருக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இந்தக் குறைகளில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அந்த அக்கா. வேலை முடிந்ததும் போன பாராட்டு மெயிலில் எங்கள் மேனேஜர் பெயர் வரை இருந்தது, அக்கா பெயர் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. மென்பொருளை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவரைவிடப் பெரிய டெஸ்டர் யார்?

சரி, உங்கள் படிவத்துக்கு வருவோம். ரிக்வயர்டு, பேட்டர்ன், டைப் (கட்டத்தின் வகை) மூன்றிலேயே பாதி வேலை முடியும், தனி லைப்ரரி வேண்டாம். பிரவுசரின் பொதுவான செய்திக்குப் பதில் செட்கஸ்டம்வேலிடிட்டி (நம் சொந்தப் பிழைச் செய்தியை வைக்கும் கட்டளை) வைத்துத் தமிழில் சொல்லுங்கள். திருத்தியதும் அந்தச் செய்தியை வெற்றுச் சரமாக்கவில்லை (காலியாக்கவில்லை) என்றால் படிவம் போகவே போகாது. அனுப்பும் பொத்தான் ஜாவாஸ்கிரிப்டில் சப்மிட்டைக் கூப்பிட்டால் இந்தச் சரிபார்ப்பு எதுவும் ஓடாது. அந்த இடத்தில், சரிபார்த்துவிட்டு அனுப்பும் ரிக்வெஸ்ட்சப்மிட் போடுங்கள்.