சூரியனின் நிறம் என்ன?

கேள்வி: "விண்வெளி முழுக்க இருட்டு, அங்கிருந்து பார்த்தால் சூரியனே தெரியாது" என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலம் எடுத்த படங்களிலோ சூரியன் கலர் கலராக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், தென்காசி

பதில்: காணொளியை நம்பாதீர்கள். சூரியன் தெரியாது என்றால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 16 உதயங்களைப் பார்ப்பது எப்படி? இங்கே தெரிவதைவிட உக்கிரமாகவே அங்கே தெரியும். விண்வெளியில் நடப்பவர்களின் தலைக்கவச முகப்பில் தங்கப் பூச்சு பூசுவது அந்த வெயிலுக்காகத்தான்.

அளவில் மாற்றம் இருக்காது. 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதை 400 கி.மீ. மேலே போய்ப் பார்த்தால் என்ன பெரிதாகிவிடப் போகிறது?

நிறம் வெள்ளை. சுத்தமான வெள்ளை. சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. நம் காற்று அதில் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. சிதறிய நீலம் வானமாகிறது. மிச்சம் மஞ்சளாக வந்து சேர்கிறது. அந்தியில் ஒளி இன்னும் நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் சிவப்பு. மேலே காற்று இல்லை, ஒளி சிதறுவதும் இல்லை. அதனால் பட்டப்பகலிலும் வானம் கறுப்பு, நடுவே கண்ணைப் பறிக்கும் வெள்ளை வட்டம். அப்பல்லோ வீரர்கள் நிலவில் எடுத்த படங்களைப் பாருங்கள்: தரையில் பளீரென்ற வெயில், மேலே கும்மிருட்டு. காணொளிக்காரர் அந்த இருட்டை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டார்.

சரி, ஆதித்யா படங்கள்? 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய அந்த விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. அதிலுள்ள 'சூட்' தொலைநோக்கி பதிவது 200 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியாது. எனவே எந்தப் படம் எந்த அலைநீளம் என்று பிரித்தறிய விஞ்ஞானிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கிறார்கள். அது மோசடி அல்ல, அவசியமான வேலை.

என் கோபம் பத்திரிகைக்காரர்கள் மேல். அலைநீளக் குறிப்பை வெட்டிவிட்டு, 'இதுதான் நிஜச் சூரியன்' என்று தலைப்புப் போடுவது படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். புற ஊதா என்றால் என்ன என்று சொல்லித்தரக் கிடைத்த அருமையான வாய்ப்பு அங்கே வீணாகிறது. அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், எந்த அலைநீளத்தில் எடுத்தது என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேளுங்கள். நம் இதழில் வந்தாலும் விடாதீர்கள்.