வழியில் யானை நிற்கும்போது: திருகோணமலைப் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையாக, திருகோணமலை மாவட்டத்தின் பட்டிகளுக்கெல்லாம் 26 ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் போய்வந்தவன் நான். குச்சவெளி, பன்குளம், கந்தளாய், சேருவில, வெருகல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்டைக் கடக்காமல் பட்டிக்குப் போக முடியாது. காட்டு விலங்குகளை வழியில் சந்திப்பது பற்றி உங்களுக்குள்ள ஐயங்களைக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கிண்ணியா, விற்பனைப் பிரதிநிதி): வேலை முடிந்து இரவு ஏழு மணிபோல் ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வருகிறேன். வீதியில் யானை நின்றால் எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும்?

பதில்: குறைந்தது நூறு மீற்றர். இரண்டு மூன்று மின்கம்ப இடைவெளி என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதற்கும் கிட்டப் போய்விட்டால் அடுத்து நடப்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல.

ஆனால் இரவில் நூறு மீற்றருக்கு அப்பால் யானையைக் காண்பதே கடினம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 17 மீற்றர் ஓடுகிறது. கண் கண்டு, கை பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்பதற்குள் 35, 40 மீற்றர் போய்விடும். தாழ்த்திய விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மானின் கண் விளக்குப் பட்டால் மின்னும். யானையின் உடலோ வெளிச்சத்தைக் குடித்துவிடும். சேற்றில் புரண்டு வந்த யானை என்றால் வீதியோரப் புதருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே இருட்டில் 40க்கு மேல் போகாதீர்கள்.

நின்ற பிறகு இயந்திரத்தை அணைக்காதீர்கள், முறுக்கவும் வேண்டாம். வண்டியை வந்த திசைக்கு மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஹோர்ன் அடிக்கக் கூடாது, விளக்கை ஏற்றி இறக்கக் கூடாது. பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே போய்விடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். அதைவிட நல்ல வழியை இத்தனை ஆண்டுகளில் நான் காணவில்லை.

அந்த வீதியின் ஒரு பக்கம் ஹுருலு காடு, மறு பக்கம் கவுடுல்ல தேசியப் பூங்கா. ஆகஸ்ட், செப்டெம்பரில் குளங்கள் வற்றி, வற்றிய தரையில் புல் தளிர்க்கும்போது யானைகள் அங்கே கூடுகின்றன. மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் நடுவே வீதியும் தண்டவாளமும் கிடக்கின்றன. 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்கு அண்மையில் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் ஒரே இரவில் மாண்டன. அவையும் கடக்கத்தான் வந்தன என்பதை அந்த வீதியில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

கேள்வி (மூதூர், பல்கலைக்கழக மாணவர்): யானை கோபமாக இருக்கிறதா, சும்மா நிற்கிறதா என்பதை எப்படி அறிவது?

பதில்: சும்மா நிற்கும் யானையின் உடல் ஓயாமல் அசையும். காது விசிறும், வால் ஆடும், தும்பிக்கை புல்லைச் சுழற்றிப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்து வாய்க்குள் தள்ளும். நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த அசைவு நிற்கும் நொடியை. காதுகள் விரிந்து அப்படியே நின்றுவிட்டால், மெல்வது நின்றுவிட்டால், அது உங்களைக் கண்டுகொண்டது.

ஒருமுறை ஈச்சிலம்பற்றிலிருந்து பட்டிப் பாதையால் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவில் ஓர் அலியன். கொம்பில்லாத ஆண் யானையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இலங்கையில் ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழு அளவில்தான் கொம்பன்கள். முன்காலால் மண்ணைக் கிளறி முதுகில் தூவிக்கொண்டிருந்தது. திடீரென்று தூவுவதை நிறுத்தியது. கால் ஒன்று தரையில் படாமல் முன்னும் பின்னும் ஊசலாடியது. தும்பிக்கையின் நுனி மட்டும் என் பக்கம் வளைந்து, காற்றைத் தடவிப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் போனது. எனக்கு மூச்சு வரவில்லை. வண்டியைக் காலால் உந்திப் பின்னுக்கு எடுத்தேன், ஒரு முழம், இன்னொரு முழம். வளைவுக்குப் பின்னால் மறைந்ததும் மறுபடி மண் தூவும் ஓசை கேட்டது. அந்த ஓசையை இன்றும் மறக்கவில்லை.

காதை விரித்துப் பிளிறிக்கொண்டு நாலு எட்டு வந்து நின்றுவிடுவது பெரும்பாலும் மிரட்டல். பிளிறாமல், காதைப் பின்னுக்கு ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி வந்தால் அது மெய்யான பாய்ச்சல். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வழிந்ததுபோல் கறை தெரிந்தால் மதம் பிடித்த ஆண். அதற்கு மற்ற அடையாளம் எதையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், திரும்பிப் போய்விடுங்கள்.

துரத்தினால்? வண்டி கிளம்பும் நிலையில் இருந்தால் போங்கள். இல்லையென்றால் வண்டியை விட்டுவிடுங்கள். பையையோ தலைக்கவசத்தையோ போட்டுவிட்டு, பெரிய மரங்களுக்குள் ஓடுங்கள். போட்ட பொருளை மோப்பம் பிடிக்க யானை தாமதித்தால் அந்தச் சில விநாடிகள் உங்களுக்குக் கிடைக்கும். வெட்டவெளியில் நேராக ஓடி யானையை வெல்ல முடியாது.

கேள்வி (தோப்பூர்): யானை வெடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். வயலைக் காக்கும் விவசாயி, காடு இருக்கும் திசைக்கு யானையை விரட்டக் கொளுத்துவது அது. வீதியில் கொளுத்தினால் யானை எந்தத் திசைக்கு ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போய்விடுவீர்கள், அதே இடத்தில் பத்து நிமிடம் கழித்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வரும்.

கேள்வி (உப்புவெளி, இல்லத்தரசி): கனடாவில் என் தம்பி நண்பர்களுடன் ஸ்னோமொபைலில் காட்டுக்குள் போனபோது மூஸ் என்னும் பெரிய மான் பாதையை மறித்து நின்றதாம். பயந்து போய் எழுதியிருந்தான். அதற்கும் ஏதாவது சொல்வீர்களா, அண்ணா?

பதில்: சொல்வேன், தங்கச்சி. என் மகள் குடும்பம் வட ஒன்ராறியோவில் இருக்கிறது. இரண்டு குளிர்காலம் அங்கே தங்கியிருந்தபோது மருமகனின் பின்னால் அமர்ந்து அந்தப் பனி வண்டியில் போயிருக்கிறேன். இடுப்பளவு பனியில் சறுக்கிப் போகும் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சுழலும் பட்டி. அது போன தடத்தில் பனி இறுகித் தரைபோல் ஆகிவிடுகிறது. சிக்கலே அதில்தான். மூஸ் 400, 500 கிலோ எடையுள்ள விலங்கு. குளிர்காலத்தில் அதற்கு மரக்குச்சிகளைத் தவிரப் பெரிதாக உணவில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் வசந்தம் வரை உயிர் பிடித்திருக்கிறது. ஆழப் பனியில் ஓரடி வைப்பதும் அதற்குச் செலவு. இறுகிய தடம் கிடைத்தால் அதை விட்டு இறங்க மனம் வராது. பின்னால் வண்டி துரத்தினால் தடத்திலேயே ஓடும், களைக்கும், பிறகு திரும்பி மோதும்.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது, தொலைவிலேயே நிறுத்திவிட்டு அது தானாக இறங்கிப் போகும்வரை பொறுத்திருப்பது. இறங்காவிட்டால் திரும்பிவிடுவது. காது பின்னுக்கு மடிந்து, முதுகுத் திமிலின் மயிர் சிலிர்த்து நின்றால் பாயப் போகிறது என்று பொருள். அப்போது ஓடலாம், ஓடித் தடித்த மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். தலைக்கவசமும் இயந்திர இரைச்சலும் சேர்ந்து காதை அடைத்துவிடுவதால் வளைவுகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அங்குள்ள கரடிகள் அந்த மாதங்களில் குகையில் உறங்கும். அதைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி (வெருகல் பக்கப் பாடசாலை ஆசிரியை): மூதூரிலிருந்து காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் போகிறேன். யானைக் கூட்டம் கடந்து முடிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: உறுதி செய்ய முடியாது, ரீச்சர், காத்திருக்கத்தான் முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று பெண் யானைகள் கடந்ததும் வண்டியை எடுத்துவிட்டேன். நான்காவது காட்டுக்குள் பின்தங்கியிருந்தது, குட்டியோடு. குட்டி வீதியின் ஒரு பக்கம், முன்னே போனவை மறு பக்கம், நடுவில் நான். தாய் வந்த வேகத்தில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தேன். பெட்ரோல் தாங்கி சோற்றுத் தட்டுப்போல் நசுங்கிக் கிடந்தது. அந்தத் தாயில் குற்றம் இல்லை. கடைசி யானை கடந்த பிறகு கால் மணி நேரம் நில்லுங்கள். பாடசாலைக்குப் பிந்தலாம்.

இன்னொன்று, காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீங்கள் தெற்கே போகும்போது காற்று வலக்கைப் பக்கமிருந்து வருகிறது. இடப்பக்கம் நிற்கும் யானைக்கு உங்கள் வாடை முன்பே போய்விடும். விலகிப் போக அதற்கு நேரம் இருக்கும். வலப்பக்கம் நிற்பதற்கு உங்கள் வாடையே தெரியாது. ஆதலால் அந்த மாதங்களில் வலப்பக்கப் புதர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். யானைக்குக் கண் மங்கல், மூக்குத்தான் கண். நெல், உப்பு, பழுத்த பலா போன்ற வாசனையுள்ள சுமையோடு அந்நேரத்தில் போகவும் வேண்டாம்.

கேள்வி (சேருவில, தேன் எடுப்பவர்): யானையைவிடக் கரடிக்குத்தான் பயம். பாலைப்பழக் காலத்தில் என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கரடி முகத்தைத்தான் தாக்கும்; தப்பியவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உங்களைத் தேடி வருவதில்லை. கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சும்போது தன் மூச்சிரைச்சலில் அதற்கு உங்கள் காலடி கேட்காது. பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிடும். வைகாசி, ஆனியில் பாலை மரத்தடியில் புதிதாக முறிந்த கிளைகள் கிடந்தால் மேலே பாருங்கள். இருவராகப் போங்கள், உரக்கப் பேசிக்கொண்டே நடங்கள். எதிர்ப்பட்டால் ஓடாமல் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, பிடரியில் கைகளைக் கோத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பன்குளம், விவசாயி): வேலிக்கு வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் யானை வராது என்கிறார்களே?

பதில்: செய்யாதீர்கள், அண்ணை. முறையான யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். அது அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரம் யானையையும் கொல்லும், இருட்டில் வரம்பில் நடந்துவரும் உங்கள் மகனையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம். யானை வயலுக்குள் நின்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகரம், எட்டாம் ஆண்டு மாணவி): கோட்டைப் பக்கத்து மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதே, மகள். பிரட்றிக் கோட்டையில் இறந்து கிடந்த பெண் மான் ஒன்றின் வயிற்றைப் பிளந்தபோது நான் அருகில் இருந்தேன். கயிறுபோல் முறுகிய பிளாஸ்திக் பைகள், ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, ஒரு தேங்காயளவு. புல் இறங்க வழியில்லாமல் பட்டினியில் செத்திருக்கிறது, வயிறு நிறைந்தே. யாரோ அன்போடு பையில் கொண்டுவந்து கொடுத்த சோறுதான் தொடக்கம். பையை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி உன் தோழிகளுக்கும் சொல். இரவில் அப்பா வண்டி ஓட்டினால், ஒரு மான் குறுக்கே பாய்ந்ததும் உடனே வேகமெடுக்க வேண்டாம் என்று நினைவூட்டு. அதன் பின்னால் இன்னொன்று வரும்.

கேள்வி (தம்பலகாமம், இளம் தந்தை): வரும் சனிக்கிழமை மனைவியையும் ஏழு மாதக் குழந்தையையும் மோட்டார் சைக்கிளில் பொலன்னறுவைக்குக் கூட்டிப் போகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பதில்: தனியாகப் போவதென்றால், நன்றாக வெயில் ஏறிய பிறகு கிளம்பி, மாலை நான்கு மணிக்குள் கந்தளாயைக் கடந்து வீடு திரும்பிவிடுங்கள் என்பேன். குழந்தையோடு என்றால் பஸ்ஸில் போங்கள், தம்பி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உங்கள் மனைவி வாய்க்காலுக்குள் பாய முடியாது.