ஊர்வலம் முடிந்த பிறகு – ஒரு கடிதம்

வணக்கம்.

எங்கள் ஊராட்சி மகளிர் குழுக் கூட்டமைப்பு சென்ற ஆண்டு நவம்பர் 25 அன்று பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஊர்வலம் நடத்தியது. அதில் பதாகை பிடித்து நடந்த ஒரு பெண்ணே அடுத்த மாதம் கணவனிடம் அடி வாங்கி எங்களிடம் வந்தாள். காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். இருவரையும் உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, எனக்கு அங்கே என்ன உரிமை என்று கேட்கிறாள். இந்த ஆண்டு ஊர்வலத்தில் உருப்படியாக என்ன சொல்லலாம்?

ச., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள அம்மா,

அந்தப் பெண் கேட்டதையே உங்கள் நோட்டீஸின் முதல் வரியாகப் போடுங்கள்: ‘வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் உன்னை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது.’ அடிபட்ட பெண்ணுக்குப் பெரிய கேள்வி இன்று இரவு எங்கே படுப்பது என்பதுதான். ‘துணிந்து புகார் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லும் பிரசாரம் அதைத் தொடுவதே இல்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அதைத் தொடுகிறது. கணவன் வீட்டார் பெயரில் உள்ள வீடானாலும், அவள் அங்கே குடித்தனமாக வாழ்ந்திருந்தால் வசிக்கும் உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொல்லிவிட்டது. சொத்து அவளுக்கு ஆகிவிடாது. வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும். அதே வசதியில் வேறு வீடு பார்த்து வாடகை கொடு என்று கணவனுக்கு உத்தரவிடவும் செய்யலாம். எப்படியானாலும் அவளைத் தெருவில் நிறுத்தக் கூடாது.

இதற்குப் போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அவளே நேரடியாகவும் இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும்.

இங்கேதான் பல மனுக்கள் சறுக்குகின்றன. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம். நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் முதல் நாளே சேர்த்துக் கொடுக்க வேண்டும். ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கிடைப்பதும் பொதுவாகத்தான் இருக்கும். வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போனில் மிரட்டக் கூடாது, வீட்டை விற்கக் கூடாது, மாதம் இவ்வளவு ரூபாய் தர வேண்டும், இன்னின்ன நகை இத்தனை பவுன் திருப்பித் தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். நகைக்குக் கடை ரசீது இல்லையென்றால் கல்யாண ஆல்பமும் வீடியோவும் உதவும்.

ஆஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அவள் சொல்வதை டாக்டர் அப்படியே பதிவேட்டில் எழுதிவிடுவார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான். யார் அடித்தார், எதைக் கொண்டு அடித்தார் என்று சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்க வேண்டும். மிரட்டல் செய்திகள் வந்த போனை விற்கவோ அழிக்கவோ கூடாது.

காவல் நிலையத்துக்குப் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். சமரசத்தை நான் முற்றிலும் மறுக்கவில்லை; சில பெண்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் ‘புகார் தவறு, இனி பிரச்சினை இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த முறை அதுவே அவளுக்கு எதிராக நிற்கும். ‘இன்ன தேதியில் அடித்தேன், இனி அடிக்க மாட்டேன்’ என்று அவன் எழுதட்டும். அதன் நகல் அவளிடம் இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பெண் கையெழுத்திட்டதில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சமரசம் ஆகிவிட்டதே என்று நீதிமன்றக் கதவு மூடிவிடாது. அடித்து ஒரு வருடம் தாண்டினாலும் 12ஆம் பிரிவு மனுவுக்குக் காலவரம்பு தடையில்லை என்பதை 2022இல் காமாட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பாதுகாப்பு உத்தரவை மீறினால், அது இடைக்கால உத்தரவானாலும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்றா என்று நீங்களே போய்க் கேளுங்கள். பணம் தராமல் இழுத்தடித்தால், அவன் சம்பளக்காரனாக இருந்தால், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி கேட்க 20ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

ஆண்களை அழைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், அண்ணன் தம்பிகளையும் அப்பாக்களையும் கட்டாயம் அழையுங்கள். இடைக்கால உத்தரவு வரும்வரை அவள் தங்கப்போவது அவர்கள் வீட்டில்தான். ‘அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்புகிறவர்களும் அவர்கள்தான்.

நோட்டீஸின் அடியில் பெண்கள் உதவிக்கு 181, அவசர உதவிக்கு 112, இலவச சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களைப் போடுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச வக்கீல் கிடைப்பார். வாய்தாவுக்கு வாய்தா பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போவதால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். அந்தச் செலவைக் குழு ஏற்க முடியுமா, துணைக்கு ஒருவர் போக முடியுமா என்று ஊர்வலத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தால், ஊர்வலத்தன்று மாலையே உங்கள் ஊரில் முகாம் நடத்த வக்கீலை அனுப்பக் கேட்கலாம்.