பதில்: லுக்கீமியா அப்பாவுக்கு ஒரு கண் மங்குது
தம்பி, அப்பா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில லுக்கீமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) மருந்து எடுக்கிறார், ரெண்டு நாளா ஒரு கண்ணில கறுப்புப் புள்ளி மிதக்குது, அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். பொறுக்காதேங்கோ. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு குறைஞ்சா விழித்திரையில ரத்தம் கசியலாம், வெள்ளை அணு கண்டபடி கூடினாலும் அங்க உள்ள சின்னக் குழாயள் அடைபடும், வெளியால பாக்கக் கண் சுகமாத்தான் இருக்கும், நோவும் இராது, அதாலதான் கனபேர் கண்ணாடி மாத்தினாச் சரி எண்டு விட்டிடுறது. இண்டைக்கே லுக்கீமியாவுக்குப் பாக்கிற டொக்டருக்குச் சொல்லி ரத்தம் சோதிச்சு, பெரியாஸ்பத்திரி கண் பகுதியில சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. பிறகு கொஞ்ச மணித்தியாலம் கண் கூசும், மோட்டச்சைக்கிளை அவரிட்டக் குடுத்திடாதேங்கோ (அப்பாமார் கேக்கமாட்டினம், தெரியும்). பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் மருந்து போடுறாரெண்டா அதையும் சொல்லுங்கோ, கற்றரக்டும் (கண்புரை) கண் பிறஷரும் அதாலயும் வரும். வீட்டில கிடக்கிற பழைய சொட்டு மருந்து ஒண்டும் விடவேண்டாம், டொக்டரைக் கேக்காமல் அஸ்பிரினும் வேண்டாம்.