தறிச் சத்தம் இசையாகுமா?

கேள்வி: எங்கள் தெருவில் இரவு பகலாக விசைத்தறி ஓடுகிறது. 'சத்தமாக நினைக்காதே, தாளமாக நினைத்துக் கேள், பழகிவிடும்' என்கிறார் 35 வருடம் தறி ஓட்டிய என் மாமனார். அன்றாட ஓசையை உண்மையிலேயே இசையாக ரசிக்க முடியுமா?
– ஒரு வாசகி, குமாரபாளையம்

பதில்: முடியும், அம்மா. நான் மிருதங்கக்காரன். குருநாதரிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே எனக்குத் தாளம் காட்டியது ரயில். பழைய தண்டவாளத்தில் 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு உண்டு. அந்த இடைவெளியைச் சக்கரங்கள் கடக்கும்போது 'தடக் தடக்' என்று இரட்டை அடி விழும். கொஞ்சம் மௌனம். மறுபடி இரட்டை அடி. ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே, அந்த மௌனத்துக்குள் 'தகிட' என்ற மூன்றெழுத்துத் தாளச்சொல் எத்தனை முறை அடங்கும் என்று எண்ணிப் பார்ப்பேன். வண்டி வேகம் பிடித்தால் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், மாறும். தடம் மாறும் இடத்தில் கணக்கு கலைந்து, தானே மீண்டும் சேரும். தண்டவாளத்தை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்ட பாதைகளில் இன்று அந்த ஓசை இல்லை. பெரிய வித்துவான் ஒருவர் போய்விட்டதைப் போலவே அதற்காக வருந்துகிறேன்.

பியர் ஷெஃபர் என்ற பிரெஞ்சு வானொலிப் பொறியாளர், பாரீஸின் பத்திஞோல் நிலையத்தில் ரயில் எஞ்சின்களைப் பதிவுசெய்து, துண்டுகளாக்கி அடுக்கி, 1948இல் இசைப் படைப்பாகவே ஒலிபரப்பினார். ஒரு துண்டையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் ரயில் மறந்துபோகும், ஓசை மட்டும் நிற்கும் என்பது அவர் கண்டறிந்தது.

ஆனால் உங்கள் மாமனார் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நான் என் ஊர் வந்ததும் ரயிலை விட்டு இறங்கிவிட்டேன். ஷெஃபரைக் கேட்டவர்கள் வானொலியை அணைத்திருக்க முடியும். உங்களுக்கு அந்த வழி இல்லையே! கேட்காமலிருக்க உரிமை இல்லாத இடத்தில் ரசனையைப் பற்றிப் பேசுவது கொடுமை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தெருவாகச் சேர்ந்து மனு கொடுங்கள்.

இன்னொன்று. மாமனார் 35 வருடம் தறிக்கு நடுவில் நின்றவர் என்கிறீர்கள். அவருக்குச் சத்தம் பழகியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, காதே மந்தமாகியிருக்கலாம். இரைச்சலில் முதலில் கேட்காமல் போவது உயர்ந்த சுருதியில் வரும் கீச்சொலிகள். 'ச', 'ஸ' தெளிவாகக் கேட்காது, பேத்தியின் மெல்லிய குரல் புரியாது. 'என்ன, என்ன' என்று திருப்பிக் கேட்கிறாரா, டிவியைச் சத்தமாக வைக்கிறாரா என்று கவனியுங்கள். இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அம்மா.