சீத்தைத் துண்டுகளில் ஒரு நீர்வண்ணம்: வாட்டர்கலர் குவில்ட் தொடங்குவது எப்படி?

கேள்வி: அக்கா, சின்னத் துணிச் சதுரங்களை நீர்வண்ண ஓவியம்போல இணைத்துத் தைக்கிற வாட்டர்கலர் குவில்ட் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டில் கிடந்த பூத்துணித் துண்டுகளைச் சதுரமாக வெட்டி ஒரு குஷன் உறை தைத்தேன். படத்தில் இருப்பதுபோல நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையவில்லை. சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டம் கட்டமாக நிற்கிறது. புதுத் துணி நிறைய வாங்க வசதியில்லை. காலால் மிதிக்கும் பழைய மெஷின்தான் இருக்கிறது. சின்னதாக ஒன்றை வடிவாகச் செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?
– கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்த்தையல் மட்டும் போடுகிற மெஷின் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பிழை துணியைத் தெரிவுசெய்த இடத்தில் நடந்திருக்கும். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம் என்று அடுக்கியிருப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் அடுக்கினேன், பட்டை பட்டையாக வந்தது. இந்த வேலையில் நிறத்தைவிட முக்கியமானது, ஒரு துண்டு எவ்வளவு வெளிர், எவ்வளவு கடுமை என்பது. வெளிரில் தொடங்கிக் கடுமை வரைக்கும் படிப்படியாக இறங்கினால், பச்சைக்குப் பக்கத்தில் ஊதா இருந்தாலும் கண் அதைப் பிரித்துப் பார்க்காது. பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று பாருங்கள், கடல் முடிகிற இடத்தையும் வானம் தொடங்குகிற இடத்தையும் கோடு போட்டுக் காட்ட முடியாது. அந்த மயக்கம்தான் வேண்டும்.

1980-களில் இங்கிலாந்துக் கலைஞர் டீட்ரே ஆம்ஸ்டன் இந்த முறையைக் 'கலர்வாஷ்' என்ற பெயரில் வளர்த்தெடுத்தார். 1990-களில் அமெரிக்காவில் வாட்டர்கலர் குவில்ட் என்ற பெயரில் பரவியது. அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்: சின்னச் சின்னச் சதுரங்கள், எல்லாம் பூத்துணி.

சரி, எந்தத் துணி? எங்கள் ஊரில் ஹவுஸ்கோட்டுக்கும் வீட்டுச் சட்டைக்கும் எடுக்கிற, பூ அச்சிட்ட பருத்திச் சீத்தை இதற்கென்றே நெய்தது போல இருக்கும். இலையும் பூவுமாக நெருக்கமாக, பல நிறம் கலந்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத் தெரிகிற அச்சாகப் பாருங்கள். வெள்ளைத் தரையில் தனித்தனியாக நிற்கிற பூ, புள்ளி, கோடு, கட்டம், ஒற்றை நிறத் துணி எல்லாம் வேண்டாம். அவற்றின் ஓரம் வெட்டித் தெரியும், கட்டம் கட்டமாக நிற்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. நவீன சந்தைப் பக்கமோ உங்கள் ஊரிலோ உள்ள தையல்கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது இரண்டு அங்குலச் சதுரங்கள்; ஆறு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றில் அப்படி ஒன்பது கிடைக்கும். இருபத்தைந்து முப்பது வகை சேர்ந்தால் முதல் வேலைக்குக் காணும். வகை கூடக் கூடத்தான் மயக்கம் வரும். துண்டு பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணிபோல உருண்டால் பொலியெஸ்டர். எல்லாவற்றையும் ஒருமுறை கழுவி, சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

கழுவிய கையோடு சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவிடுங்கள். கஞ்சி போட்ட துணி விறைத்து நிற்கும், இரண்டு அங்குலச் சதுரம்கூடப் பிசகாமல் வெட்டுப்படும். நீராவி அயன் வேண்டாம். சின்னத் துண்டுகளை அது இழுத்துக் கோணலாக்கும். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை விட்டால் உள்ளே வெள்ளையாகப் படிந்து துணியில் கறையும் கொட்டும். கையால் தண்ணீர் தெளித்து அழுத்துவதே நல்லது.

இனி, நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம். ஒரு வெள்ளை மட்டையின் நடுவில் ஒன்றரை அங்குலச் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். தைத்து முடிந்தபின் வெளியே தெரியப்போவது அவ்வளவுதான். அதைத் துணிமேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஒரே சீத்தையில் ரோசாப்பூ நிறைந்த இடம் கடுமையாகத் தெரியும், இரண்டு விரல் தள்ளினால் தரை கூடி வெளிராகிவிடும், நடுவில் இதழின் ஓரம் பாதி தரை பாதி என்று விழும் இடம் ஒன்று அகப்படும். அந்தப் பாதித் துண்டுகள்தான் பொன். வெளிரையும் கடுமையையும் சேர்த்துக் கட்டுகிற பாலம் அவை. ஆகவே துணியை வரிசையாக வெட்டித் தள்ளாதீர்கள், வேண்டிய இடத்தைத் தேடி வெட்டுங்கள். வெளிர் போதவில்லையா? துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதே பூ மங்கலாக இருக்கும்.

முதல் வேலைக்கு வரிக்கு எட்டு, எட்டு வரி, மொத்தம் 64 சதுரம். சுவரில் ஒரு பிளனல் துணியை (மேலே மெல்லிய பஞ்சுபோல இருக்கிற துணி) குத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சதுரங்களை அதில் ஒட்டவையுங்கள். இடது மேல் மூலையில் மிக வெளிர், வலது கீழ் மூலையில் மிகக் கடுமை, நடுவில் சரிவாக இறங்கட்டும். அப்புறம் விறாந்தையின் அந்தத் தொங்கலுக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் இன்னும் தெளிவு. தனியாகத் துருத்துகிற துண்டை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதை மாற்றுங்கள், அல்லது கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்து, போகவரப் பார்த்து மாற்றினாலும் நல்லதுதான். அவசரமாகத் தைக்க மட்டும் வேண்டாம்.

தையலுக்கு ஓரம் கால் அங்குலம். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள். மூன்று சதுரத்தைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தால் நீளம் சரியாக ஐந்து அங்குலம் வரவேண்டும். தையல் ஒன்றுக்கு அரைக்கால் அங்குலம் கூடிப்போனாலே ஏழு தையலில் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைந்துவிடும்.

64 துண்டையும் ஒவ்வொன்றாகப் பொருத்துவது தொடக்கத்தில் கண்ணைக் கட்டும். சேட் கொலருக்குள் வைக்கிற, சூட்டில் ஒட்டும் துணியில் ஆக மெல்லியதை வாங்கி, பதினாறு அங்குலச் சதுரமாக வெட்டி, அதன்மேல் எல்லாச் சதுரத்தையும் ஓரத்தோடு ஓரம் முட்ட அடுக்கி அயன் பண்ணிவிடுங்கள். பிறகு வரிசை வரிசையாக மடித்து ஏழு தையல். குறுக்குத் தையல் வரப்போகிற சந்திகளில் மடிப்பின் ஓரத்தை மட்டும், நூலில் படாமல், சின்னதாக வெட்டி, மடிப்பை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். மற்றப் பக்கமாக மடித்து இன்னும் ஏழு தையல். பதினாறு அங்குலம் பன்னிரண்டரையாகச் சுருங்கியிருக்கும், பயப்படாதீர்கள்.

குஷனுக்கென்றால் நாலு பக்கமும் இரண்டரை அங்குல அகலப் பட்டி தைத்துச் சேர்த்தால், முடிவில் பதினாறு அங்குலம் கிடைக்கும். பட்டிக்கு, சதுரங்களில் இருக்கிற கடும் நிறங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அடியில் பழைய பிளனலோ மெல்லிய போர்வைத் துண்டோ வைத்து, அதற்கும் கீழே ஒரு வெள்ளைத் துணி வைத்து, குண்டூசி குத்தி, தையல் பள்ளத்தின் வழியே சாம்பல் நிற நூலால் ஓட்டுங்கள். சாம்பல் நூல் வெளிரிலும் கடுமையிலும் அடங்கிவிடும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கஞ்சியைப் போக்கி, நிழலில் காயவிடுங்கள். கஞ்சியோடு அலுமாரிக்குள் வைத்தால் கரப்பான் தேடி வரும். மிஞ்சிய சதுரங்களை வெளிர், நடுத்தரம், கடுமை என்று மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகளில் பிரித்து வையுங்கள். அடுத்ததாக மெஷினுக்கு ஒரு மூடுதுணி தைக்கலாம்.